நாலு மனாவுக்கு 2/2 தானா? ஹன்ட்மாஸ்டர் கார்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போயா விடுமுறைகளில் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆறேழு பேர் கூடி மெஜிக் என்ற கார்ட் விளையாட்டு விளையாடுவோம். கனடாவில் இருந்து வந்த மாமா ஒருவர் விட்டுப்போன பழைய கார்ட் பெட்டியில் தொடங்கியது இது. பரந்தன், மாங்குளம், முள்ளியவளை என்று தூரத்தில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் பெட்டியில் இருக்கிற ஒரு கார்ட்டைக் கையில் எடுத்து, "அண்ணை, இது நல்லதா?" என்று கேட்பார்கள். அதுதான் ஹன்ட்மாஸ்டர் ஆஃப் த ஃபெல்ஸ். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி விடுபட்டுப்போகிற விசயங்கள் நிறைய. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மெஜிக் என்றால் என்ன? நான் 304 சீட்டாட்டம் மட்டும்தான் விளையாடியிருக்கிறேன்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் உருவாக்க, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விளையாட்டு. ஆளுக்கு 20 உயிர். லாண்ட் கார்ட்டுகளைச் சாய்த்தால் மனா கிடைக்கும். அந்த மனாவைக் கொடுத்து மிருகங்களையும் மந்திரங்களையும் இறக்கலாம். லாண்ட் தவிர கையில் இருந்து இறக்குகிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஸ்பெல். 2/2 என்றால் முதல் எண் அடிக்கிற பலம், இரண்டாவது தாங்குகிற பலம். எதிராளியின் உயிர் பூச்சியத்துக்குப் போனால் நீங்கள் வென்றீர்கள். விதிகள் இன்னும் நிறைய உண்டு, ஆனால் இந்தப் பக்கத்தை வாசிக்க இவ்வளவு போதும்.

இந்தக் கார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மெஜிக் கார்ட்டுகள் தமிழில் அச்சாவதில்லை. நாங்கள் கடதாசித் துண்டில் தமிழில் எழுதி வைத்திருப்பதைத் தருகிறேன். இது இரண்டு பக்கமும் அச்சடித்த கார்ட். ஒரு பக்கத்தை ஆள்பக்கம் என்றும் மற்றதை ஓநாய்ப்பக்கம் என்றும் சொல்வோம்.

ஆள்பக்கம், ஹன்ட்மாஸ்டர்: விலை நாலு மனா, அதில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பலம் 2/2. களத்துக்கு வரும்போதும், ஓநாய்ப்பக்கத்தில் இருந்து ஆளாக மாறும்போதும், ஒரு 2/2 ஓநாய் டோக்கன் (கையில் இருந்து இறக்காமல், அடையாளமாக வைக்கிற மிருகம்) வைத்து 2 உயிர் ஏற்றிக்கொள். யாருடைய விளையாட்டு முறையின் தொடக்கத்திலும், அதற்கு முந்தின முறையில் ஒருவரும் ஒரு ஸ்பெல்லும் போடவில்லை என்றால், இது மறுபக்கத்துக்குப் புரளும்.

ஓநாய்ப்பக்கம், ரவேஜர்: பலம் 4/4, ட்ராம்பிள் உண்டு. அதாவது தடுக்கிற மிருகத்தை அடித்து மிஞ்சிய அடி எதிராளியின் உயிரில் விழும். ரவேஜராகப் புரளும்போது எதிராளிக்கு 2 அடி, விரும்பினால் அவருடைய மிருகம் ஒன்றுக்கும் 2 அடி. முந்தின முறையில் யாராவது ஒருவர் இரண்டு ஸ்பெல் அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால், திரும்ப ஆளாகும்.

2012 பெப்ரவரியில் வந்த டார்க் அசென்ஷன் தொகுதியில் இது மிதிக் ரெயர் என்ற மிக அரிதான தரத்துக் கார்ட். மெஜிக்கில் இப்படி இரண்டு பக்கக் கார்ட்டுகள் முதன்முதலில் வந்தது அதற்கு முந்தின தொகுதியான இனிஸ்ட்ராடில், 2011இல்.

நாலு மனாவுக்கு 2/2 தானே வருகிறது? அதைவிடப் பெரிய மிருகம் எத்தனையோ இருக்கிறதே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். கார்ட்டின் மூலையில் இருக்கிற எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி வரும்.

304 விளையாடியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதில் இராசாவுக்கு 3 புள்ளி, ஆஸுக்கு 11, ஒன்பதுக்கு 20, ஜாக்குக்கு 30. இராசாவின் முடியைப் பார்த்து யாரும் அதைப் பெரிய கார்ட் என்று நினைப்பதில்லை. விதிக்குள் அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான்.

ஹன்ட்மாஸ்டரை இறக்கிய உடனே களத்தில் இரண்டு 2/2 நிற்கின்றன, உங்கள் உயிர் 2 கூடியிருக்கிறது. சரி, எதிராளி அடுத்த முறையே லைட்னிங் போல்ட் என்ற அடி மந்திரம் போட்டு ஹன்ட்மாஸ்டரைக் கொன்றுவிட்டார் என்று வையுங்கள். அவருக்கு ஒரு கார்ட் போனது, உங்களுக்கும் ஒரு கார்ட் போனது. ஆனால் உங்கள் ஓநாய் இன்னும் நிற்கிறது, ஏறிய 2 உயிரும் இறங்கவில்லை. கொல்லப்பட்ட பிறகும் மிச்சம் வைத்துவிட்டுப் போகிற கார்ட் இது. அதே நாலு மனாவுக்கு 5/5 மிருகம் ஒன்றை இறக்கி, அதை எதிராளி ஒரு ஸ்பெல்லால் கொன்றால் உங்களிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அதனால் ஒரு கார்ட்டை எடை போடும்போது நான் முதலில் கேட்பது, "இது செத்தால் என்ன மிஞ்சும்?" என்பது. எவ்வளவு பெரியது என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். எதுவும் மிஞ்சாமல் ஹன்ட்மாஸ்டரை அழிக்க நேரான வழி, அது களத்துக்கு வரமுதல் கவுன்டர் ஸ்பெல்லால் மறிப்பது. அப்படி மறிக்கிற நீல நிற டெக்கோடு (டெக் என்றால் ஒருவர் கொண்டுவந்து விளையாடுகிற கார்ட்டுக் கட்டு) விளையாடும்போது இதை மனதில் வையுங்கள்.

எப்போது புரளும் என்பது எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

குழப்பம் வருவது இயல்பு. கவனிக்க வேண்டிய சொல் "முந்தின முறை". உங்கள் முறையும் எதிராளியின் முறையும் சேர்ந்த ஒரு சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சற்று முன் முடிந்த அந்த ஒரு முறையைத்தான் அது பார்க்கிறது, அது யாருடைய முறையாக இருந்தாலும் சரி.

நீங்கள் நாலாவது முறையில் ஹன்ட்மாஸ்டரை இறக்கினீர்கள். அதுவே ஒரு ஸ்பெல், எனவே எதிராளியின் முறைத் தொடக்கத்தில் புரளாது. எதிராளி தன் முறையில் ஒன்று போட்டார். உங்கள் முறைத் தொடக்கத்திலும் புரளாது. இப்போது நீங்கள் உங்கள் ஐந்தாவது முறையில் லாண்ட் மட்டும் வைத்து, அடித்துவிட்டு, எதுவும் போடாமல் முறையை விட்டுக்கொடுங்கள். எதிராளியின் முறை தொடங்கும்போது, அவர் கார்ட் இழுக்கும் முன்னரே, ஹன்ட்மாஸ்டர் புரண்டு ரவேஜராகி அவருக்கும் அவருடைய ஒரு மிருகத்துக்கும் 2 அடி கொடுக்கும்.

சின்னச் சின்னச் சந்தேகங்களையும் இங்கேயே தீர்க்கிறேன். லாண்ட் வைப்பது ஸ்பெல் இல்லை. டோக்கன் வருவது ஸ்பெல் இல்லை. ஏற்கெனவே களத்தில் இருக்கிற கார்ட்டின் சக்தியை மனா கொடுத்து இயக்குவதும் ஸ்பெல் இல்லை. ஆனால் போட்ட ஸ்பெல்லை எதிராளி மறித்துவிட்டாலும் அது போட்டதாகவே கணக்கு. உங்கள் முறையில் எதிராளி ஒரு இன்ஸ்டன்ட் (யாருடைய முறையிலும் போடக்கூடிய ஸ்பெல்) போட்டாலும் புரளாது, ஏனென்றால் "ஒருவரும்" என்றுதான் எழுதியிருக்கிறது.

ஒன்றும் போடாமல் முறையை விடுவது நட்டம் இல்லையா? மனா வீணாகிறதே.

எங்கள் முற்றத்தில் இந்தக் கார்ட்டை வைத்துத் தோற்றவர்கள் பெரும்பாலும் இதற்குப் பயந்துதான் தோற்றார்கள். கையில் கார்ட் இருக்கிறது, மனா இருக்கிறது, அப்போ போடத்தானே வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காக யாரும் நினைத்த நேரம் துருசைத் திறப்பதில்லை. பயிருக்கு எப்போது வேண்டும் என்று பார்த்துத்தான் திறப்பார்கள். மனாவும் அப்படித்தான்.

ஒன்றும் போடாத அந்த முறையில் நீங்கள் என்ன பெறுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதிராளிக்கு 2 அடி. ஒரு சின்ன மிருகம் சாகிறது. உங்கள் 2/2 ஆள் 4/4 ஓநாய் ஆகிறது. இவ்வளவும் ஒரு கார்ட்டும் செலவழிக்காமல். கையில் இருந்தது கையிலேயே இருக்கிறது, அடுத்த முறை போடலாம்.

அப்புறம் எதிராளியின் நிலையைப் பாருங்கள், இந்தக் கார்ட்டின் உண்மையான பலம் அங்கேதான். ரவேஜரைத் திரும்ப ஆளாக்க வேண்டுமென்றால் அவர் ஒரே முறையில் இரண்டு ஸ்பெல் போட வேண்டும். மற்ற ஓநாய் மனிதக் கார்ட்டுகள் பெரும்பாலானவை இப்படித் திரும்பும்போது பலம் குறைந்து நிற்கும், எதிராளிக்கு அது ஆறுதல். ஹன்ட்மாஸ்டர் திரும்பினால் உங்களுக்கு இன்னொரு ஓநாய், இன்னொரு 2 உயிர். திருப்பாமல் விட்டால் 4/4 வந்து அடிக்கும். திருப்பினாலும் அவருக்கு நட்டம், விட்டாலும் நட்டம். நீங்களே உங்கள் முறையில் இரண்டு ஸ்பெல் போட்டு அதைத் திருப்பி, மறுபடி ஒரு முறை சும்மா இருந்து புரட்டலாம். ஒரு முழுச் சுற்றில் எதிராளிக்கு 2 அடி, அவருடைய மிருகத்துக்கு 2 அடி, உங்களுக்கு ஒரு ஓநாய், 2 உயிர். இதை இரண்டு தடவை செய்தவர் தோற்றதை நான் கண்டதில்லை.

இதோடு எந்தக் கார்ட்டுகளைச் சேர்க்கலாம்?

முதலாவது கெசிக் வுல்ஃப் ரன். இது ஒரு லாண்ட். அதைச் சாய்த்து, ஒரு சிவப்பு, ஒரு பச்சை, கூடவே எவ்வளவு மனா கொடுக்கிறீர்களோ அவ்வளவு அடி பலத்தையும் ட்ராம்பிளையும் ஒரு மிருகத்துக்கு அந்த முறை முடியும்வரை கொடுக்கலாம். மேலே சொன்னதை நினைவில் கொள்ளுங்கள், களத்தில் இருக்கிற கார்ட்டின் சக்தி ஸ்பெல் இல்லை. அதாவது நீங்கள் மனா முழுவதையும் செலவழித்து அடிக்கலாம், ஆனாலும் ஸ்பெல் போடாத முறையாகவே அது கணக்கில் வரும், ஹன்ட்மாஸ்டர் புரளும். ஆறு லாண்ட் இருந்து அதில் ஒன்று வுல்ஃப் ரன் என்றால், மற்ற ஐந்தில் இரண்டு நிறத்துக்குப் போக மூன்று மிஞ்சும். 2/2 ஓநாய் டோக்கன் 5/2 ஆகி அடிக்கும். "மனா வீணாகிறதே" என்ற கவலைக்கு இதுதான் மருந்து.

2012 பெப்ரவரியில் ஹொனலூலுவில் நடந்த புரோ டூர் டார்க் அசென்ஷன் என்ற பெரிய போட்டியில் பிரையன் கிப்ளர் வென்றது சிவப்பு-பச்சை டெக் ஒன்றால். ஹன்ட்மாஸ்டரும் வுல்ஃப் ரன்னும் இரண்டும் அதில் இருந்தன.

இரண்டாவது மூன்மிஸ்ட். இரண்டு மனா இன்ஸ்டன்ட். மனிதர் எல்லோரையும் உடனே புரட்டும், ஓநாய் அல்லாத மிருகங்களின் சண்டை அடியை அந்த முறை முழுக்கத் தடுக்கும். எதிராளி எல்லாவற்றையும் கொண்டு அடிக்க வருகிற நேரத்தில் போட்டால் ஆட்டமே மாறும். ஆனால் இந்த ஒரு கார்ட்டுக்காக மட்டும் மூன்மிஸ்ட் வைக்க வேண்டாம், குறைந்தது எட்டு ஒன்பது ஓநாய் மனிதராவது டெக்கில் இருக்க வேண்டும்.

வெள்ளையும் சேர்த்து விளையாடுகிறவர்கள் ரெஸ்டரேஷன் ஏஞ்சல் தேடுங்கள். அது வரும்போது ஹன்ட்மாஸ்டரைக் களத்தில் இருந்து எடுத்து உடனே திரும்ப வைக்கலாம். எப்போதும் ஆள்பக்கமாகவே வரும், மறுபடி ஓநாய், மறுபடி 2 உயிர்.

இம்மர்வுல்ஃப் நல்ல கார்ட் என்கிறார்களே? ஓநாய் டெக் என்றால் அது வேண்டாமா?

இம்மர்வுல்ஃப் நல்ல கார்ட்தான். உங்களுடைய மற்ற ஓநாய்கள், ஓநாய் மனிதர் எல்லோருக்கும் +1/+1 கொடுக்கும். ஓநாய்ப்பக்கம் வந்தவை திரும்ப ஆளாகாமல் பூட்டியும் வைக்கும். இரண்டாவது வசனம்தான் பிரச்சினை. மற்ற ஓநாய் மனிதருக்கு அந்தப் பூட்டு வரம். ஹன்ட்மாஸ்டருக்கு அது கைவிலங்கு, ஏனென்றால் இது புரண்டு புரண்டு சம்பாதிக்கிற கார்ட். நான் பல மாதம் இரண்டையும் ஒரே டெக்கில் வைத்திருந்தேன். களத்தில் பெரிய ஓநாய்கள் நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் புதிய டோக்கன் ஒன்றும் வராது. இம்மர்வுல்ஃபை எடுத்த பிறகுதான் ஹன்ட்மாஸ்டர் என்ன செய்யும் என்று எனக்கே தெரிந்தது.

எப்போது இது மோசம்?

கவுன்டர் ஸ்பெல் நிறைந்த டெக்குக்கு எதிரே, முன்னரே சொன்னேன். அடுத்து, மிருகமே இல்லாமல் ஏதோ இரண்டு மூன்று கார்ட்டைச் சேர்த்து ஒரே முறையில் முடிக்கிற கொம்போ டெக்குக்கு எதிரே. அங்கே 2 உயிரும் ஓநாயும் எதையும் தடுக்காது. பறக்கிற மிருகங்களைத் தடுக்கவும் ஹன்ட்மாஸ்டருக்கு வழி இல்லை.

வேகமாக அடிக்கிற சின்ன மிருக டெக்குக்கு எதிரே மிக நல்லது. லானோவார் எல்வ்ஸ் போல மனா தருகிற 1/1களை நம்பி விளையாடுகிறவர்களுக்கும் அந்த 2 அடி வலிக்கும்.

எத்தனை வைக்கலாம்?

60 கார்ட் டெக்கில் நாலு வரை அனுமதி. நான் மூன்று வைக்கிறேன். இது லெஜண்டரி (ஒரே பெயரில் ஒருவருக்கு ஒன்றுதான் களத்தில் நிற்கலாம் என்ற வகை) இல்லை, எனவே இரண்டு ஹன்ட்மாஸ்டர் ஒன்றாக நிற்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் புரளும், எதிராளிக்கு 4 அடி விழும், இரண்டு மிருகங்கள் அடி வாங்கும். நாலாவதைத் தவிர்ப்பதற்குக் காரணம், தொடக்கக் கையில் இரண்டு வந்தால் முதல் மூன்று முறையும் உங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகும்.

கமாண்டரில் எப்படி?

நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு 100 கார்ட், 40 உயிரோடு விளையாடுகிற முறை அது. அங்கே இந்தக் கார்ட்டுக்கு நான் கொடுக்கிற மதிப்பு குறைகிறது. நாலு பேர் இருக்கிற மேசையில் ஒருவரும் ஸ்பெல் போடாத முறை வருவது அரிது. 2 அடி என்பது 40 உயிரில் பெரிதாகத் தெரியாது, அதுவும் ஒரு எதிராளிக்குத்தான். கமாண்டராக, அதாவது டெக்கின் தலைவராக, இதை வைக்கவும் முடியாது, லெஜண்டரி இல்லாததால். ஓநாய் டெக்கில் ஒரு பிரதி இருக்கட்டும், அவ்வளவுதான்.

2021இல் வந்த பகல்-இரவு ஓநாய்களோடு இதைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கில் ஓடும். மிட்நைட் ஹன்ட் தொகுதியில் வந்த ஓநாய் மனிதருக்கு, மேசை முழுவதற்கும் பொதுவாகப் பகலா இரவா என்ற ஒரு நிலை உண்டு. அதில் முந்தின முறை யாருடையதோ அவர் போட்ட ஸ்பெல் மட்டும்தான் கணக்கு. ஹன்ட்மாஸ்டர் பழைய விதியிலேயே இருக்கிறது, அது எல்லோருடைய ஸ்பெல்லையும் பார்க்கும். அதனால் நீங்கள் ஒன்றும் போடாத உங்கள் முறையில் எதிராளி ஒரு இன்ஸ்டன்ட் போட்டால், புதிய ஓநாய்கள் புரண்டிருக்கும், ஹன்ட்மாஸ்டர் மட்டும் ஆளாகவே நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் கலக்கச் சொல்வதில்லை.

இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தால் கார்ட்டுக் கட்டுக்குள் இருக்கும்போதே தெரிந்துவிடாதா?

தெரியும். அதனால் பின்புறம் தெரியாத ஸ்லீவ், அதாவது கார்ட் உறை, கட்டாயம். அந்தக் காலத்துப் பொதிகளில் இதற்கென்றே செக்லிஸ்ட் கார்ட் ஒன்று வந்தது. அதைக் கட்டுக்குள் வைத்து, களத்துக்கு வந்ததும் உண்மையான கார்ட்டை எடுத்து வைக்கலாம். எங்கள் பக்கத்துச் செம்புழுதிக்கும் வியர்வைக்கும் ஸ்லீவ் எப்படியும் வேண்டும். மரத்தடியில் விளையாடுகிறவர்கள் கீழே ஒரு சேலைத்துணியாவது விரியுங்கள்.

கார்ட் இல்லாதவர்கள் கடதாசியில் எழுதி ஸ்லீவுக்குள் வைத்து எங்களோடு விளையாடலாம், நாங்கள் மறுப்பதில்லை. அதிகாரபூர்வப் போட்டிகளில் அது செல்லாது.

ஓநாய் எங்கட காட்டில் இல்லையே அண்ணை?

இல்லை. இலங்கையில் ஓநாய் கிடையாது, இரவில் வயல்கரையில் ஊளையிடுவது நரி. எங்கள் சின்னப் பிள்ளைகள் டோக்கனை நரி என்றே சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

இப்போதும் இது பலமான கார்ட்தானா?

2012இல் இருந்த பலம் இன்றைய பெரிய போட்டிகளில் இல்லை. அதற்குப் பிறகு வந்த கார்ட்டுகள் மலிவாகவும் வேகமாகவும் ஆகிவிட்டன, நாலு மனா கொடுத்து ஒரு முறை காத்திருக்க அங்கே நேரமில்லை. முற்றத்தில், பழைய பெட்டிக் கார்ட்டுகளோடு விளையாடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, பெட்டியில் இருக்கிற கார்ட்டுகளில் இதை முதல் ஐந்துக்குள் வைப்பேன்.

வேறு நல்ல கார்ட் தந்தால் மாற்றுவீர்களா?

என்னிடம் மூன்றுதான் இருக்கின்றன, மூன்றும் டெக்குக்கு வேண்டியவை. மாற்ற மாட்டேன், இரவல் தருவேன். முள்ளியவளையில் இருந்து வருகிற தங்கச்சி ஒருத்தி போன போயாவுக்கு ஒன்றைக் கொண்டுபோனாள். அடுத்த போயாவுக்கு அவள் அதை வைத்து என்னோடுதான் விளையாடப்போகிறாள்.